முதிர்ந்த குரல்கள் இரண்டு: எதை முதலில் கேட்பது?

ஜமைக்காவின் ரெக்கே இசையில் பாப் மார்லியைத் தாண்டி வர நினைப்பவர்கள் ஜிம்மி கிளிஃபின் 'ரீபர்த்' (2012), டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழுவின் 'காட் டு பி டஃப்' (2020) ஆகிய ஆல்பங்கள் இரண்டுக்கும் நடுவே தயங்குகிறார்கள். இரண்டுமே கிராமி வென்றவை.

குரல்:
கிளிஃப் – இழையும் குரல். உச்சத்தில் லேசாகக் கீறும்.
டூட்ஸ் (மேட்டல்ஸ் குழுவின் பாடகர்) – தேவாலயத்தில் பாடி வளர்ந்த தொண்டை. கரகரப்பு கூடியிருக்கிறது, வேகம் குறையவில்லை. ஆல்பம் வெளியான இரண்டே வாரத்தில், 77 வயதில், அவர் மறைந்தார். அது தெரிந்தபின் தலைப்புப் பாடலை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

ஒலி:
கிளிஃப் – அமெரிக்க பங்க் ராக் குழு ரான்சிட்டின் டிம் ஆம்ஸ்ட்ராங் தயாரிப்பு. அறுபதுகளின் ஜமைக்கா வாசம் அப்படியே வீசும்.
டூட்ஸ் – சோல், ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைகள் கலந்து கனமானது.

பிறர் பாடல்:
கிளிஃப் – பிரிட்டிஷ் பங்க் ராக் குழு த கிளாஷின் 'கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. அந்தப் பாடலிலேயே, 'த ஹார்டர் தே கம்' படத்தில் கிளிஃப் நடித்த நாயகன் ஐவன் வருகிறான். கதாநாயகனே வந்து பாடுவதுபோல் இருக்கிறது!
டூட்ஸ் – மார்லியின் 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்', மார்லியின் மகன் ஜிக்கியோடு.

ரெக்கே புதிது என்றால் கிளிஃப். மனம் சோர்ந்த நாளுக்கு டூட்ஸ், சத்தத்தைக் கூட்டி வைத்து.