மூன்று வருடமாக என் சிபில் அறிக்கையைப் படித்து வருகிறேன்

2022-ல் மார்த்தாண்டத்தில் ஒரு வங்கிக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனேன். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பைக் லோன் பாக்கி காட்டுதே சார், சிபில் ரொம்ப அடிவாங்கியிருக்கு" என்றார். அந்தக் கடனை 2019-லேயே கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசி வாங்கி, ஆர்சி புக்கிலும் ஃபைனான்ஸ் பெயரை நீக்கியிருந்தேன். நாம் வாங்கும் கடன்களையும் கட்டும் தவணைகளையும் பதிந்து வைக்கும் நிறுவனம்தான் சிபில்; அன்று இரவே முதன்முறையாக அதில் என் அறிக்கையை எடுத்தேன்.

எல்லோரும் 300-லிருந்து 900 வரை போகும் அந்த ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள். நான் சொல்வேன், அதை விடுங்கள், உள்ளே ஒவ்வொரு கடனுக்கும் இருக்கும் மாதக் கட்டங்களைப் பாருங்கள். 000 என்றால் தவணை நேரத்துக்குப் போயிருக்கிறது. வேறு எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். என்னுடையதில் 2018 மழைக்காலத்தில் இரண்டு கட்டங்கள் பிசகியிருந்தன. அது உண்மைதான், ரப்பர் பால்வெட்டு நின்று கையில் காசில்லாத மாதங்கள். ஆனால் கடன் முடிந்த பிறகும் 30, 60, 90 என்று எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. நிலுவை 590 ரூபாய். அந்த மழையில் கணக்கில் காசில்லாமல் தவணை திரும்பியதற்கான கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90. அப்படி ஒன்று பாக்கி என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

ஆன்லைனில் சிபிலிடம் புகார் பதிந்தேன், அதற்குக் காசு கிடையாது. 'கடன் கொடுத்தவர் பதிவு சரி என்கிறார்' என்று பதில் வந்தது. கடன் கொடுத்தவர் திருத்தாமல் அறிக்கையில் எதுவும் மாறாது என்பது அப்போதுதான் புரிந்தது. என்ஓசி நகலோடு ஃபைனான்ஸ் கிளைக்குப் போனேன். "அண்ணே, செட்டில்மென்ட் போட்டு முடிச்சிருவோமா?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்த பெண். தயவுசெய்து இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். 'செட்டில்டு' என்றால் குறைத்துக் கட்டி முடித்ததாக அர்த்தம்; அடுத்த வங்கி அதைப் பார்த்ததும் தயங்கும். எனக்கு வேண்டியது 'குளோஸ்டு', அதாவது முழுதும் கட்டி முடித்தது. ஃபைனான்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன், பதில் வராவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் அதில் சேர்த்தேன். ஐந்து வாரத்தில் நிலுவை பூஜ்யமானது.

இப்போது விதி இன்னும் நம் பக்கம். 2024 ஏப்ரலிலிருந்து, புகார் 30 நாளில் தீராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு.

2018-ன் இரண்டு தாமதங்கள் அப்படியே இருக்கின்றன. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. ஐயாயிரம் கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் என்னிடமும் வந்தார், கொடுக்கவில்லை.

சிபில் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுக்கிறேன். அப்படி எடுத்த ஒன்றில் குலசேகரம் முகவரியோடு யாருடைய நகைக்கடனோ ஏறியிருந்தது. அதே பெயர், அதே இனிஷியல். நம் ஊரில் இது நடக்கக்கூடியதுதான், அதனால் பான் எண்ணையும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரே புகாரில் போய்விட்டது.

2024-ல் வீட்டுக்கடன் கிடைத்தது. அப்புறம் மனைவியின் அறிக்கையையும் எடுக்க ஆரம்பித்தேன். போன வாரம் பார்த்தால், மீட்டுவிட்ட நகைக்கடன் ஒன்று இன்னும் திறந்தே கிடக்கிறது. மீட்ட ரசீதை அலமாரியிலிருந்து தேடி எடுத்துவிட்டார். திங்கட்கிழமை இருவருமாகப் போகிறோம்.