தூக்கா, ஆயுளா?

கொலைக்குத் தூக்குத்தான் நியாயம் என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் 'குற்றவாளி திருந்தட்டும்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் தூக்குக்குப் பயந்து குற்றம் குறையும் என்ற வாதம் நிற்காது. ஆயுள் தண்டனையைவிட அது கூடுதலாகத் தடுப்பதற்கு ஆதாரமில்லை என்று 2015-இல் இந்தியச் சட்ட ஆணையமே சொல்லிவிட்டது.

சரி, ஆயுள்? பேரறிவாளனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் கொலை வழக்கில் 1991-இல் கைதானபோது வயது 19. வெடிகுண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என, வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே 2013-இல் ஒப்புக்கொண்டார். தூக்குக்குக் குறித்திருந்த நாளோ 2011 செப்டம்பர் 9. சென்னை உயர் நீதிமன்றம் மட்டும் தடை போடாமல் இருந்திருந்தால், அந்த வார்த்தையைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார். 2014-இல் ஆயுளாகக் குறைந்து, 2022-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வரவில்லை, முப்பது வருடமும் திரும்பி வராது. ஆனாலும் அற்புதம்மாளுக்கு மகன் உயிரோடு கிடைத்தார்.