காற்று ஷொக்கா, ஸ்பிரிங் ஷொக்கா? உப்புக்காற்று சொன்ன தீர்ப்பு

என்னிடம் இருப்பது எண்பதுகளில் ஜப்பானில் செய்த ஒரு 250 சிசி டூரிங் மோட்டார் சைக்கிள். பின்னால் ஒற்றை ஷொக், அதாவது பள்ளத்தின் அடியை வாங்கும் அதிர்வுத் தாங்கி. அதற்குள் பேருக்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. மிச்சப் பாரத்தைக் காற்றுத்தான் தாங்குகிறது. சீற்றைக் கழற்றினால் ரயரில் இருப்பது போலவே ஒரு வால்வ் தெரியும். தனியே ஓடினால் காற்றைக் குறைக்கலாம், பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் கூட்டலாம். கேட்க நல்லாகத்தான் இருக்கும்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஏ9 வழியாக வரும்போது, மாங்குளம் தாண்டியதும் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சின்னப் பள்ளத்துக்கும் ரயர் மட்காட்டில் உரசியது. முறிகண்டியில் நிறுத்தி, மனைவி கச்சான் வாங்கப் போன நேரம் குனிந்து பார்த்தேன். ஷொக்குக்குள் போய்வரும் கம்பி ஓயிலில் நனைந்து, அதன்மேல் வன்னிப் புழுதி பசைபோல ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு இரண்டு வழிதான்: கம்பியைச் சுற்றிக் காற்றையும் ஓயிலையும் அடைத்து வைக்கும் சீலை மாற்றிக் காற்றையே வைத்திருப்பது, இல்லையென்றால் ஸ்பிரிங் ஷொக்குக்கு மாறுவது. நான் முதலாவதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போனேன். இப்போது நான் ஸ்பிரிங் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காற்று இறங்கினால் உடனே ஷொக்கைக் கழற்ற வேண்டாம். முதலில் கம்பியைப் பாருங்கள். காய்ந்திருந்தால் வால்வ், ஹோஸ், ஓ-ரிங் மூன்றில் ஒன்று. சோப்பு நுரை பூசினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வால்வின் ஊசி ரயர் கடையிலேயே கிடைக்கும். கம்பி ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் கேஜ் வைத்துப் பார்ப்பேன், தினமும் குறைந்திருக்கும். பிறகுதான் விளங்கியது. உள்ளே இருக்கும் காற்றே ஒரு கைப்பிடி அளவு. கேஜைப் பொருத்தும்போதும் எடுக்கும்போதும் ‘புஸ்’ என்று போவதே பெரிய பங்கு. கசிவைத் தேடித் தேடி நானே காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்! அதே காரணத்தால் பெற்றோல் செட் கம்பிரசர் இதற்கு ஆகாது. ஒரு நொடியில் அளவு தாண்டி சீலைத் தள்ளிவிடும். சைக்கிள் பம்ப்தான் நல்லது. காற்றை அளப்பதும் வண்டி ஆறியிருக்கும் காலையில்தான். குளிரில் 40 பிஎஸ்ஐ இருப்பது, ஷொக் 30 பாகை கூடுதலாகச் சூடேறினால் 45ஐத் தாண்டிக் காட்டும்.

சரி, சீல் மாற்றினேன். நாலு மாதம் தாங்கியது. அப்புறம் பழைய கதை.

எனக்கு வீடு வேலணையில், வேலை யாழ்ப்பாணம் நகரில். ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் பண்ணைப் பாலத்தால் போய்வர வேண்டும். இரண்டு பக்கமும் கடல். காற்றுக் காலத்தில் கண்ணாடியில் உப்புப் படியும். அந்த உப்பு ஷொக் கம்பியை விட்டுவைக்குமா? குரோம் பூச்சில் குருணை அளவு பொட்டுப் பொட்டாகத் துரு. நகத்தால் மேலிருந்து கீழே இழுத்தால் தட்டுப்படும். லேத் கடை ஐயா கம்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீர் எத்தினை சீல் போட்டாலும் உந்தக் கம்பி அதைத் தின்னும்.” மினுக்கித் தர முடியும், ஆனால் குரோம் புதிதாக ஏற்ற அதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

ஸ்பிரிங் ஷொக்கின் கம்பிக்கும் இதே உப்புத்தான், அதன் சீலும் ஒருநாள் ஓயில் விடும். ஆனால் அங்கே ஓயில் செய்வது குலுக்கலை அடக்கும் வேலை மட்டும், பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஓயில் முழுவதும் போனாலும் வண்டி வள்ளம்போல ஆடுமே தவிர உட்காராது. மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். காற்று ஷொக்கில் சீல் போனால் பாரம் தாங்கும் ஆளே போய்விடுகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நடுவழியில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை.

சுகத்தில் காற்றுக்குத்தான் வெற்றி, அதை மறுக்க மாட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஹொண்டாவின் பெரிய டூரிங் மோட்டார் சைக்கிளான கோல்ட்விங்கில் பழையது ஒன்று வைத்திருக்கிறார். “ஸ்பிரிங் போட்டா மாட்டுவண்டிதான்ரா” என்று வட்ஸ்அப்பில் இன்னும் சிரிக்கிறார். 1980இல் வந்த கோல்ட்விங் ஜிஎல் 1100இலேயே ஹொண்டா முன்னும் பின்னும் காற்றுக் கொடுத்தது. ஆனால் 2001இல் ஜிஎல் 1800 வந்தபோது பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு மாறி, அதன் இறுக்கத்தை மின்சாரத்தால் கூட்டிக் குறைக்கிறமாதிரிச் செய்துவிட்டது. இதைச் சொன்னால் மச்சான் பேச்சை மாற்றிவிடுவார்.

ஸ்பிரிங் ஷொக் பொருத்தும்போது கவனிக்க வேண்டியது கண்ணிலிருந்து கண்ணுக்கு, அதாவது இரண்டு முனையிலும் போல்ட் போகும் துளைகளுக்கு இடையே உள்ள நீளம். நான் போட்டது பழையதைவிட 5 மில்லிமீற்றர் குட்டை. ஷொக்குக்கும் பின்சில்லுக்கும் நடுவில் லிங்க் என்ற நெம்பு இருப்பதால் பின்பக்கம் அதைவிடக் கூடுதலாக இறங்கியது, சைட் ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. அகலம் சரிவராத புஷ்ஷை, அதாவது அந்தத் துளைக்குள் இருக்கும் குழாய்த் துண்டை, லேத்தில் கடைந்து எடுத்தேன். இறுக்கம் மாற்ற இனிப் பம்ப் இல்லை, கொக்கிச் சாவிதான். அதற்காக மனைவியை இறங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாற்றிய பிறகு நாலு தரம் கொழும்பு போய்வந்தேன், குறையில்லை. மலைநாட்டு வளைவுகளில் இன்னும் ஓடிப்பார்க்கவில்லை. என்னைவிடப் பாரமானவருக்கு இதே ஸ்பிரிங் போதுமா என்றும் சொல்ல மாட்டேன். வீட்டுப் பக்கம் கடற்காற்று இல்லாமல், கம்பியும் சுத்தமாக இருந்தால் சீலை மாற்றிக் காற்றையே வைத்திருங்கள்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஷொக் வாங்கப் போகிறவர் கடைக்காரர் துடைத்துக் காட்டும் ஸ்பிரிங்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ரப்பர் தொப்பியைத் தூக்கிக் கம்பியில் நகத்தை ஓட்டுங்கள். பிறகு நிலத்தில் ஊன்றி முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தி விடுங்கள். நிதானமாக எழும்பினால் விலை பேசலாம். துள்ளி எழும்பினால் அடுத்த கடை.