வீடா, மண்டபமா, ஆலயமா: ஆராதனைக்கு எந்த இடம்?

ஆராதனை நடக்கும் இடத்தைக் கத்தோலிக்கர் கோயில் என்பார்கள், சி.எஸ்.ஐ. சபையார் ஆலயம் என்பார்கள். சபை என்ற சொல்லோ கூடிவரும் மக்களைக் குறிப்பது. பெந்தெகொஸ்தே நண்பர்கள் 'சபைக்குப் போகிறேன்' என்று கட்டடத்தையும் அதே சொல்லால் சுட்டுவது தனிக் கதை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான எக்ளேசியாவும் ஆட்கள் கூடிய கூட்டத்தையே குறித்தது. ஆதலால் தனிக் கட்டடம் கட்டியே ஆகவேண்டும் என்பதற்கு அங்கே கட்டளை தேடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது; சமாரியப் பெண்ணிடம் பேசிய இயேசு, சமாரியர் தொழுத மலையையும் யூதர் தொழுத எருசலேமையும் ஒருங்கே தள்ளிவிட்டு, ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்வதைப் பற்றியே சொன்னார். கட்டடம் கட்டாயமில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. வீடு, வாடகை மண்டபம், சொந்த ஆலயம் ஆகிய மூன்றும் ஒரு சபையை என்ன செய்கின்றன என்பதுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது.

மூன்றில் வீடு மூத்தது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்கும் பிலேமோன் வீட்டில் கூடிய சபைக்கும் அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களில் (கடிதங்களில்) வாழ்த்துச் சொல்கிறார். யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்பஸ் என்ற பழைய நகரத்தை 1930-களில் அகழ்ந்தபோது, மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சபை கூடும் இடமாக மாற்றப்பட்ட ஒரு வீடு வெளிப்பட்டது. இரண்டு அறைகளுக்கு நடுவே நின்ற சுவரை எடுத்து ஒரே கூடமாக்கி, இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டி, அதன் மேற்சுவரில் நல்ல மேய்ப்பனின் படத்தைத் தீட்டியிருந்தார்கள். வீடு வீடாகவே போதும் என்று வாதிடுகிறவர்கள் அந்த எடுக்கப்பட்ட சுவரைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வீட்டுச் சபையின் பலம் வெளிப்படையானது. சோபாவைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்தால் இடம் தயார். இருபது பேரில் ஒருவர் வராவிட்டால் முதல் பாட்டு முடிவதற்குள் அது தெரிந்துவிடும், மாலையில் யாராவது அவர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிடுவார்கள். நெருக்கடிக் காலத்தில் இதற்கு நிகர் கிடையாது. சீனாவில் கலாசாரப் புரட்சியின்போது ஆலயங்கள் மூடிக் கிடக்க, விசுவாசிகள் வீடுகளில்தான் கூடினார்கள். பின்னாளில் கட்டடம் எழுப்பியவர்களுக்கு அது பாதுகாப்பாக அமைந்துவிடவில்லை: வென்சோவின் சான்ஜியாங் ஆலயம் 2014-இலும், லின்ஃபெனின் பொற்குத்துவிளக்கு ஆலயம் 2018-இலும் இடிக்கப்பட்டன.

ஆனால் வீட்டுக்கு ஒரு குறை உண்டு, அதைப் பேசுகிறவர்கள் குறைவு. வீடு என்றால் வீட்டுக்காரர் இருக்கிறார். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கு, அதாவது இயேசுவை நினைவுகூரும் திருவிருந்துக்கு, வந்தவர்களில் சிலர் முந்திக்கொண்டு வயிறார உண்ண, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைப் பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். வசதியுள்ள ஒருவரின் வீட்டில் கூடும்போது இது தானாகவே நேர்வதுதான். நம் ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். எந்தத் தெருவில் வீடு, அந்த வீட்டின் நடு அறை வரைக்கும் யார் வரலாம், யார் திண்ணையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதைச் சாதி முன்பே எழுதி வைத்திருக்கிறது; அழைப்புக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும் வருகிறவர் அந்தக் கோட்டை அறிந்தே வருகிறார்.

வாடகை மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எபேசு நகரத்தில் பவுலே திறன்னு என்பவரின் வித்தியாசாலையில் (பள்ளியில்) இரண்டு வருட காலம் போதித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது, எனவே முன்மாதிரிக்குக் குறைவில்லை. எந்தத் தெருக்காரரும் தயங்காமல் ஏறிவரலாம் என்பது அதன் நன்மை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்துவிட்டால் ஆராதனைக்கு இடமில்லை என்பதும், கீபோர்டையும் ஸ்பீக்கர்களையும் வாராவாரம் குட்டியானையில் ஏற்றி இறக்க வேண்டும் என்பதும் அதன் தொல்லைகள். பத்து வருடம் இப்படி நடத்திய சபைகளைப் பார்த்திருக்கிறேன். இளைஞர்கள்தான் முதலில் சலித்துப்போகிறார்கள்.

சொந்த ஆலயத்துக்கு எதிரான முதல் வாதம் செலவு, அதை யாரும் மறுக்க முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையிடம் ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000-க்கு மேற்பட்டவை சட்டப்படி காக்கப்படும் பாரம்பரியக் கட்டடங்கள் என்பதால், கூட்டம் குறைந்தாலும் கூரையைப் பழுதுபார்க்கும் சுமை குறைவதில்லை. தமிழ்நாட்டில் பொது வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும், அதற்கான அலைச்சல் தனி.

இரண்டாவது வாதம், கட்டடமே பிரிவினையைக் கல்லில் நிறுத்திவிடும் என்பது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டத் தொடங்கிய கத்தோலிக்க ஆலயம், வெள்ளாளருக்கு ஒன்றும் நாடாருக்கு ஒன்றுமாக இரண்டு நீண்ட கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரிந்து பீடத்தருகே மட்டும் சேரும்படி அமைந்தது. இந்த வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் அதே ஆலயத்தின் மறுபாதிக் கதையையும் சொல்ல வேண்டும். 1910-ஐ ஒட்டிக் குருக்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். பழையபடி தடுப்பு வேண்டும் என்று வெள்ளாளர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஒருவருடைய வீட்டின் நடு அறையைப் பற்றி இப்படி வழக்காடவோ இடிக்கவோ வழியில்லை. பொது இடம் என்பதால்தான் அநீதி எல்லார் கண்ணிலும் பட்டது, எல்லாரும் கேட்கக்கூடியதாகவும் ஆனது.

இதனால்தான் நான் ஆலயத்தின் பக்கம் சாய்கிறேன், அதுவும் எளிய ஆலயத்தின் பக்கம். தென்மாவட்டங்களில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. அப்படிக் கொடுத்துக் கட்டிய இடத்தில் விருந்தாளி என்று யாரும் இல்லை.

இதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சில தனிச் சபைகளில் விசுவாசிகள் நிலத்துக்குப் பணம் கொடுப்பார்கள், பத்திரம் போதகர் பெயரில் பதிவாகும், அவருக்குப் பிறகு சாவி மகனிடம் போகும். கோபுரமும் மணியும் இருந்தாலும் கணக்குப்படி அது வீட்டுச் சபைதான். கட்டட நிதிக்கு ரசீது எழுதும் முன், பத்திரம் சங்கத்தின் பெயரிலா, டிரஸ்டின் பெயரிலா, தனி ஆளின் பெயரிலா என்று கேளுங்கள்.