பெரியம்மாவின் கால்விரலும் கொழும்பு வைத்தியமும்

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் போனால் வங்கி, காணி உறுதி என்று அலைவதுதான் வழக்கம். இம்முறை அலைச்சல் முழுவதும் பெரியம்மாவின் இடது கால்விரல் ஒன்றுக்காக. நுனி கறுத்து, பேரீச்சம்பழத் தோல்போலச் சுருங்கியிருந்தது. "வலியே இல்லையடா தம்பி" என்றார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர் சொல்லக்கூடாத வார்த்தை அது. உணர்வு நரம்புகள் பழுதானால் வலி எங்கிருந்து வரும்?

வெள்ளவத்தையில் காசிருந்தால் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. காலி வீதி நெடுகப் பார்மசியும், காசு கட்டி நிபுணரைப் பார்க்கும் சனலிங் நிலையமும்தான். தனியார் நிலையம் ஒன்றில் பெரியம்மாவுக்கு நாள்தோறும் மருந்து கட்டி வந்தார்கள். கட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது, ரசீதும் ஒழுங்காகத் தந்தார்கள். அந்தக் காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டுக் காசு வருகிற வீடு, கட்டட்டும் என்று விட்டார்களோ என்னவோ.

திசு செத்துப்போவதை நெக்ரோசிஸ் என்கிறார்கள். இரத்தம் கிடைக்காமல் விரலோ பாதமோ இப்படிச் செத்தால் கங்கிரீன். செத்த சதையை எந்தக் களிம்பும் உயிர்ப்பிக்காது. காய்ந்து கறுத்த வகை மெல்லப் பரவும். கறுப்புக்கும் நல்ல சதைக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். வீங்கி, நீர் வடிந்து, நாறத் தொடங்கினால் கிருமி புகுந்துவிட்டது. அன்றைக்கே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதை வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பலர் அறியார்.

எனக்கு வழிகாட்டியது அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் கிளினிக். விடியமுன்னர் வரிசை, கையில் கிளினிக் கொப்பி, சிங்களத்தில் மட்டும் கூப்பிடும் இலக்கங்கள். பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் எங்களுடைய இலக்கத்தையும் கவனித்துச் சொன்னார். ஆனால் உள்ளே நடந்தது வைத்தியம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் இளம் வைத்தியர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்களை மூடியிருந்த பெரியம்மா, "எப்போது தொடங்குவார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அப்போது சோதனை பாதி முடிந்திருந்தது.

பிறகு டொப்ளர், ஒலியலையால் இரத்த ஓட்டம் பார்க்கும் சோதனை. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருவது நாடி (இரத்தக் குழாய்) அடைப்புக்கு அறிகுறி. நீரிழிவில் நாடிச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்தும் காட்டுமாம். ஆகையால் கால்விரலிலும் அளந்தார்கள். முதலில் அடைப்பை நீக்கி இரத்தத்தை ஓடவிட்டு, பிறகுதான் விரலில் கை வைத்தார்கள். கட்டணம் ஒரு சதமும் இல்லை. பாதம் தப்பியது.

இடையில் ஒரு கலவரம். சீனி 252 என்று தங்கைக்குச் சொல்ல, அவள் ரொறன்ரோவில் அழத் தொடங்கிவிட்டாள். இலங்கையில் அளவு மில்லிகிராமில், கனடாவில் மில்லிமோலில். 18ஆல் வகுத்தால் கனடாக் கணக்கு, 14. அதுவும் கூடத்தான், ஆனால் ஊரைக் கூட்டி அழுகிற அளவல்ல.

வெறுங்காலுடன் நடக்கவே கூடாது என்று டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குச் செருப்போடா போவது என்று பெரியம்மா சண்டைக்கு நிற்கிறார். வெயில் ஏறமுன்னர், தடித்த காலுறையோடு போகலாமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.