ஜின்ஜாவில் எல்லாம் சரி, இந்த இண்டென்ட் மட்டும்

புது வேலைக்கு ஜின்ஜா போடலாமா, பக் (Pug) போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் ஹெச்டிஎம்எல் பக்கங்களை வார்த்துத் தரும் டெம்ப்ளேட் மொழிகள். ஜின்ஜாவுக்கு அறிமுகம் வேண்டாம். பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் பிளாஸ்க்கில் ஒரு பக்கமாவது எழுதியவருக்கு அது தெரியும். எனக்குப் பல வருஷமாக இதில்தான் பிழைப்பு. தலைவலி ஒன்றே ஒன்றுதான்: இண்டென்ட், அதாவது வரியை உள்ளே தள்ளி எழுதுவது.

ஒரு டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். டேக்குக்குள் டேக் வரும்போது ஒரு படி தள்ளி எழுதுகிறோம். நடுவில் ஜின்ஜாவின் ஒரு ஃபார் (திரும்பத் திரும்பச் செய்), அதற்குள் ஓர் இஃப் (நிபந்தனை). இவற்றுக்கும் படி தள்ளினால் டெம்ப்ளேட் பார்க்க லட்சணமாக இருக்கும், பிரவுசருக்குப் போகிற ஹெச்டிஎம்எல் தாறுமாறாக இருக்கும். தள்ளாவிட்டால் எந்த எண்டிஃப் எந்த இஃப்பை மூடுகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். ட்ரிம் பிளாக்ஸ், எல்ஸ்ட்ரிப் பிளாக்ஸ் என்ற இரண்டு செட்டிங்கையும் ஆன் செய்தால் வெற்று வரிகள் ஒழியும், உள்ளே இருக்கும் வரிகளின் தள்ளல் அப்படியே நிற்கும். அந்த இரண்டையும் ஏன் ஆஃப் செய்தே கொடுக்கிறார்களோ!

ஃபார், இஃப் எழுதும்போது வரும் சதவீதக் குறியோடு ஒரு மைனஸ் சேர்த்தால் அந்தப் பக்கத்து இடைவெளி முழுக்கப் போய்விடும். வரிசையாக வரும் லிங்குகளுக்கு அதைப் போட்டுப் பாருங்கள், ‘சென்னைமதுரைதிருச்சி’ என்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சோர்ஸை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடலாம்தான். பல வரி எழுதும் பெட்டியான டெக்ஸ்ட்ஏரியா விடாது. போன வாரம், எழுதியதை அடுக்கித் தரும் ஒரு பார்மேட்டர், அந்த டேக்கை ஒட்டி இருந்த முகவரி வேரியபிளை அடுத்த வரிக்கு இறக்கி, அழகாகப் படி தள்ளி வைத்துவிட்டது. திறக்கும் டேக்கை அடுத்த முதல் வரி முறிவை மட்டும்தான் பிரவுசர் விழுங்கும், ஸ்பேஸ்களை விடாது. முகவரியைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரு கொத்து ஸ்பேஸ் கூடிக்கொண்டே போனது. வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் தெருப்பெயர் பெட்டியின் நடுவில் நின்றது.

நியாயமாகச் சொன்னால், ஜின்ஜாவின் கால் (call) பிளாக் ஒரு வரம். ஓர் இஃப்பில் டிவ் டேக்கைத் திறந்து வேறோர் இஃப்பில் மூடுகிற வரிகளுக்கு எப்படி இண்டென்ட் போட்டாலும் தப்புதான். அதைப் பெயர் வைத்து அழைக்கும் ஒரு மேக்ரோவாக்கி, கால் பிளாக்கில் எழுதும் உள்ளடக்கத்தைக் காலர் (caller) வழியாகக் கொடுத்தால் திறப்பதும் மூடுவதும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். பிளாக்கை மூடும் எண்ட்பிளாக்கோடு அதன் பெயரையும் எழுத விடுகிறார்களே, நீளமான கோப்பில் அதற்கே கும்பிடு போடலாம்.

முன்பு ஜேட் என்று இருந்த பக்கில் இண்டென்ட்தான் கட்டமைப்பு. மூடும் டேக்கே கிடையாது. டாபையும் ஸ்பேஸையும் கலந்தால் எரர் வரும். ஆனால் ஒரு படி குறைந்து எழுதிவிட்டால், உள்ளே இருக்க வேண்டியது சத்தமில்லாமல் வெளியே போய்விடும். பெரிய பக்கங்களில் அதைத் தேடுவது எண்டிஃப் தேடுவதைவிடக் கொடுமை.

இதெல்லாம் தெரிந்தும் நண்பரிடம் பக் எடுங்கள் என்றுதான் சொன்னேன். டெக்ஸ்ட்ஏரியாவைச் சரிசெய்த கையோடு கேட்டால் வேறு என்ன சொல்வது? நான் மட்டும் ஜின்ஜாவை விடுவதாக இல்லை.