லெகசியா, யுஇஎஃப்ஐயா? விண்டோஸ் போடும் முன் ஒரு ஒப்பீடு

ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி வருபவர்கள் செட்டப் திரையில் தடுமாறும் இடம் இது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸை எழுப்ப இரண்டு முறைகள்: பழையது லெகசி, புதியது யுஇஎஃப்ஐ. எதை வைப்பது?

தொடங்கும் விதம்
லெகசி: பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது முதல் சிறு துண்டான வெறும் 512 பைட்டை, மெமரியில் ஏற்றி அதனிடம் பொறுப்பை விட்டுவிடும்.
யுஇஎஃப்ஐ: டிஸ்க்கில் ஃபேட்32 வடிவில் தனியாகப் பிரித்து வைத்த சிறு பகுதியை (பார்ட்டிஷனை) திறந்து, அதிலுள்ள பூட் ஃபைலை நேரே இயக்கும்.

டிஸ்க் அளவு
எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கிலேயே ஒரு அட்டவணை இருக்கும்.
லெகசி: எம்பிஆர் என்ற பழைய வகை அட்டவணை, சுமார் 2 டிபி வரைதான்.
யுஇஎஃப்ஐ: ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை, 4 டிபி டிஸ்க்கும் முழுசாகக் கிடைக்கும்.

கெட்டுப்போனால்
என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். எம்பிஆர் அட்டவணை அந்த முதல் செக்டாரில் மட்டுமே இருக்கிறது. அது அழிந்தால், குழந்தையின் போட்டோக்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் கண்ணில் படாது. ஜிபிடி அதே அட்டவணையின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும், மீட்க வழி உண்டு.

பாதுகாப்பு
நம்பகமான கையொப்பமுள்ள பூட் ஃபைலை மட்டுமே இயங்கவிடும் செக்யூர் பூட் யுஇஎஃப்ஐயில் மட்டும்தான்.

சரி, யாருக்கு எது? விண்டோஸ் 11 வேண்டுமென்றால் யுஇஎஃப்ஐதான், வேறு பேச்சே இல்லை. யுஇஎஃப்ஐ இல்லாத பழைய போர்டில் லேசான லினக்ஸ் போட லெகசி போதும். ஏற்கெனவே லெகசியில் விண்டோஸ் 10 ஓடுகிறதா? டிஸ்க்கை மாற்றாமல் செட்டிங்கை மட்டும் யுஇஎஃப்ஐக்கு மாற்றாதீர்கள், விண்டோஸ் எழாது. முதலில் பேக்கப் எடுங்கள், அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றிவிட்டு, செட்டப்புக்குப் போய் யுஇஎஃப்ஐ வையுங்கள்.